ஒரே ஊருக்கு இரண்டு மனு

கோவில்பட்டியை ஒட்டியிருக்கும் எங்கள் ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கப்போவதாக அறிவிப்பு வந்த வாரம், என் ஜெராக்ஸ் கடையில் நல்ல கூட்டம். நகல் எடுப்பதோடு மனுவும் தட்டச்சு செய்து கொடுப்பேன்.

முதலில் வந்தவர் எதிர்வீட்டு அக்கா. மழை பெய்தால் கரிசல்காட்டில் களையெடுப்பார். மற்ற நாட்களில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குவார். இரண்டும் இல்லாதபோது நூறு நாள் வேலை.

“டவுனாயிட்டா நூறு நாள் வேலை கெடையாதாம்லா? நாங்க கிராமந்தான்னு நல்லா அழுத்தி எழுதுட்டி.”

மானாவாரி உளுந்து, ஆடு, ஆட்டுக்குட்டி என்று எழுதிக் கொடுத்தேன். அவர் போன சூடு ஆறுவதற்குள் சிமெண்ட் கடை அண்ணாச்சி வந்தார். ஊரில் அவருக்கு விற்காத மனைகள் உண்டு.

“யம்மா, தெருவுல ஒரு சாக்கடை உண்டா? நாம எப்பவோ டவுனாயாச்சுன்னு எழுதுங்க.”

மறுத்திருக்கலாம். ஆனால் ஒரே ஊரைக் காலையில் கிராமமாகவும் மதியம் நகரமாகவும் ஆக்கிப் பார்க்கும் ஆசை யாரை விட்டது? கண்மாய் வற்றிக் கிடப்பதையும், உழுத கைகள் தீக்குச்சி அடுக்கப் போய்விட்டதையும் உருக்கமாக எழுதினேன். எனக்கே கொஞ்சம் கண் கலங்கியது.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அதிகாரி பொறுமையாக விளக்கினார்: மக்கள்தொகை, ஊரின் வருமானம், விவசாயம் அல்லாத வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பதையெல்லாம் பார்த்துத்தான் ஊரை வகைப்படுத்துவார்களாம். பிறகு இரண்டு மனுக்களையும் உரக்கப் படித்தார். இரண்டும் “தாழ்மையுடனும் தளராமலும் கேட்டுக்கொள்கிறோம்” என்று முடிந்தன.

“ரெண்டு கட்சியும் ஒரே மாதிரி தளராம இருக்கீங்களே! யார் எழுதினது?”

ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் குனிந்து, விழாத பேனாவைத் தேடினேன்.

அக்கா விறுவிறுவென்று என்னிடம் வந்தார். “ஏட்டி! அவியளுக்குக் கண்மாய், கண்ணீருன்னு எம்புட்டு நல்லா எழுதிருக்க! எனக்கு மட்டும் ஆட்டுக்குட்டியோட நிறுத்திட்டியே!”

கூட்டம் சிரித்தது. அண்ணாச்சிக்குப் பெருமை தாங்கவில்லை.

“இதுல எதும்மா உண்மை?” என்று என்னைக் கேட்டார் அதிகாரி.

“ரெண்டுந்தான் சார்.”

அவர் அக்கா பக்கம் திரும்பினார். “நீங்க விவசாயமா, தீப்பெட்டி ஆபீசா?”

“மழையைக் கேட்டுச் சொல்லுதேன் சார்.”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அக்கா என்னை அங்கேயே உட்காரவைத்துப் புது மனு எழுதச் சொன்னார். ஒரு வார்த்தைகூட என் இஷ்டத்துக்கு விடவில்லை. நூறு நாள் வேலையும் வேண்டும், சாக்கடையும் வேண்டும்; கிராமத்துக் கழிவுத் தண்ணீரும் ஓடத்தானே செய்யும் என்றார். முதல் கையெழுத்து அவருடையது. கொஞ்ச நேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்த அண்ணாச்சி, “சாக்கடைக்கு மட்டுந்தான்” என்று சொல்லியபடி இரண்டாவதாகப் போட்டார்.

சேர்ப்பு உத்தரவு இன்னும் வரவில்லை. சாக்கடைக்கு அளவெடுத்துப் போயிருக்கிறார்கள். இப்போதெல்லாம் கடையில் யார் மனு எழுத உட்கார்ந்தாலும், அக்கா தெருவைத் தாண்டி வந்து ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.