கப்பல் விளக்கின் அடியில் இருந்த ஓட்டை

போன ஞாயிற்றுக்கிழமை மகன் டிவியில் பழைய கடற்கொள்ளையர் படம் ஒன்றைப் போட்டான். கேப்டன் அறையில் ஒரு பித்தளை விளக்கு ஆடியது. புளியும் செங்கல்பொடியும் கலந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டது எனக்கு.

“முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி நடக்கிற கதைம்மா.”

“அந்த விளக்கு அப்போ பொறக்கவே இல்லடா.”

எட்டாவதோடு நின்றவள் சொன்னால் அவன் நம்புவானா? நீங்களாவது கேளுங்கள். தொண்ணூறுகளில் தாம்பரத்தில் ஒரு குடோனில் வேலை பார்த்தேன். உடைத்த கப்பல்களின் சாமான்களை நாங்கள் தேய்த்துத் தருவோம். முதலாளி சினிமாவுக்கு வாடகைக்கு விடுவார். இந்தப் படத்தில் வருபவையும் எங்கள் சாமான்கள்தான். திசைகாட்டி அசல். கப்பல் சக்கரமோ பக்கத்து ஊரான முடிச்சூர் மாட்டுவண்டியுடையது. கைப்பிடிகள் மட்டும் ஆசாரி செருகியவை.

பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிற ஆள் நான். அந்த விளக்கையும் அப்படித்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அடியில் வயர் நுழைகிற ஓட்டை, உள்ளே பல்பு மாட்டிய தடம். என்னோடு தேய்த்துக்கொண்டிருந்த ரோஸி அக்காவிடம் காட்டினேன்.

மறுநாள் படக்காரர் வந்தார். “கொள்ளைக்காரங்க காலத்து விளக்கு சார்,” என்றார் முதலாளி.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “இது கரண்டு விளக்கு சார். அடியில ஓட்டை கீது பாருங்க. எண்ணெ ஊத்தினா உங்க கேப்டன் தலையிலதான் ஒழுகும்.”

படக்காரர் சிரித்தார். முதலாளி சிரிக்கவில்லை. அவரை வாசல்வரை அனுப்பிவிட்டு வந்து கத்தினார். “இவளாலதான் விளக்கு வாணாம்னுட்டாரு.” என் பக்கம் திரும்பினார். “நீ பாத்தியா ஓட்டைய?”

அக்கா என்னையே பார்த்தாள். எனக்கும் வேலை போய்விடுமே என்ற பயத்தில், “இல்ல சார்,” என்றேன். விளக்கு என் மடியில்தான் இருந்தது. ஓட்டை கட்டைவிரலுக்கு அடியில்.

அன்றே அக்காவைத் துரத்தினார். அவள் கையைக் கழுவிக்கொண்டு, “நீ நல்லா தேய்ம்மா,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

ஓட்டையைக் காட்டி வாடகையைக் கெடுத்ததே நான்தான் என்று இத்தனை வருடம் குமைந்தேன். இப்போது பார்த்தால் அதே விளக்கு, கழுத்தில் அதே நசுங்கல். படக்காரர் ஓட்டை இருப்பது தெரிந்தே பிறகு எடுத்துப்போயிருக்கிறார். முதலாளிக்கு ஒரு நஷ்டமும் இல்லை. முன்னால் நின்று ஒருத்தி உண்மை பேசியது பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதற்கு, படக்காரர் விளக்கு வேண்டாமென்றார் என்று ஒரு பொய். அந்தப் பொய்க்கு நானும் சாட்சி.

குடோன் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி. படம் பார்த்த மறுநாள் அக்கா குடியிருந்த தெருவிலும் விசாரித்தேன். அப்படி ஒருத்தியை யாருக்கும் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை படம் பாதியில் என் முகத்தைப் பார்த்து, “நிறுத்திடவா?” என்றான் மகன்.

வேண்டாம் என்றேன். கப்பல் சாயும்போதெல்லாம் விளக்கின் அடி திரும்புகிறது. ஓட்டை நன்றாகவே தெரிகிறது.