வெளியே நின்றால் கேட்காத பாட்டு

அன்று பெங்களூரு அரங்கத்துக்குப் போனவர்கள் மூன்று பேர்: நான், அப்பா, அம்மா. தங்கை வரவில்லை. மறுநாள் அவளுக்குக் கல்லூரியில் தேர்வு. மூன்று பேரும் சண்டை போடாமல் திரும்பி வந்தால் அதுவே போதும் என்று சொல்லி அனுப்பினாள். எங்களுக்குள் சண்டை வரவில்லை. மற்றதெல்லாம் வந்தது.

அம்மாவுக்கு ஒரு பாட்டின் மேல் ஆசை. பழைய தமிழ்ப் படப் பாட்டு. அதைப் பாடிய அம்மையார் வயதான பிறகும் மேடை ஏறிக்கொண்டிருக்கிறார். அவர் வாயால் அதை ஒரு தடவை நேரில் கேட்க வேண்டும் என்பாள். எனக்குத் தெரிந்து அம்மா வாய்விட்டுச் சொன்ன ஆசை அது ஒன்றுதான்.

மைசூரில் பாட்டுக் கச்சேரிக்குப் பஞ்சமில்லை. பிள்ளையார் சதுர்த்தி வந்தால் விஜயநகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் பந்தல் போட்டு ஆர்க்கெஸ்ட்ரா வைப்பார்கள். காசு கிடையாது. ஆனால் ஆறு மணிக்கு என்று நோட்டீஸ் அடித்தால் எட்டு மணி வரை சால்வை போர்த்துவார்கள். மாலை போட்டவருக்கு மாலை போட்டவரைக் கூப்பிட்டு அவருக்கும் ஒரு மாலை. பாட்டு ஆரம்பித்தால் மைக் கீச்சிடும். சரணம் நடுவில் பாடகரை நிறுத்திவிட்டு, வெள்ளை ஸ்கூட்டரை வழியிலிருந்து எடுங்கள் என்று அறிவிப்பார்கள். எடுத்த பிறகு அந்தப் பாட்டை யாரும் முடித்துக் கொடுத்ததில்லை.

அப்பாவும் அம்மாவும் இதையெல்லாம் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. அவர்கள் பந்தலுக்குள் உட்கார்ந்து கேட்பதும் இல்லை. முன்னால் இரண்டு நாற்காலியில் அப்பாவின் துண்டைக் குறுக்கே விரித்து இடம் பிடிப்பார்கள். பிறகு வெளியே வந்து, காம்பவுண்டு சுவர் ஓரம் மசாலாப் பொரி விற்கும் சுருமுரி வண்டிப் பக்கத்தில் நின்று, அதைத் தின்றபடி கேட்பார்கள். உள்ளே ஸ்பீக்கர் காதைக் கிழிக்கும், சுவர் ஓரம்தான் குரல் சுத்தமாக வரும் என்பது அப்பாவின் கட்சி. அவர் கொத்தனார். எந்தச் சுவர் எதை எப்படித் தடுக்கும் என்று அவருக்குத் தெரியும் என்று நானும் நம்பியிருந்தேன். துண்டு எதற்கு என்று ஒரு தடவை கேட்டேன். நமக்கும் ஒரு இடம் இருக்குதல்ல, அதுக்கு என்றார்.

பாட்டுக் கேட்டுச் சீட்டுக் கொடுப்பது என் வேலை. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. நாலாம் வகுப்பிலிருந்து வருஷம் தவறாமல் நான்தான் எழுதி மேடையில் கொடுப்பேன். அவர்களும் தவறாமல் பாடுவார்கள். ஆனால் கன்னடத்தில். அதே மெட்டில் கன்னடப் படத்திலும் ஒரு பாட்டு உண்டு. அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, இதுவும் நல்லாத்தான் இருக்குது என்பாள்.

அதனால்தான், அந்த அம்மையார் பெங்களூரில் பாடுகிறார் என்று ஃபோனில் பார்த்ததும் மூன்று டிக்கெட் போட்டுவிட்டேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எதையும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிப்பேன். டிக்கெட்டின் நிபந்தனைகளையும் படித்தேன். வெளியே போனால் மறுபடி அனுமதி இல்லை என்பது அதில் ஆறாவது. அவ்வளவு காசு கொடுத்துவிட்டு எவன் வெளியே போவான் என்று நினைத்து, அதை மட்டும் வீட்டில் சொல்லவில்லை.

ரயிலில் போகலாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. அரசாங்கத்துச் சிவப்பு பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, ஆதார் கார்டைக் காட்டினால் போதும், சும்மா கிடைப்பதை ஏன் விடுவது என்றாள். நாலு மணி நேரம் இடுப்பொடிய உட்கார்ந்து போனோம். அரங்க வாசலில் அம்மா கொண்டுவந்த எலுமிச்சைச் சாதத்தையும் தண்ணீர் பாட்டிலையும் வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். கையில் காகிதப் பட்டை ஒட்டினார்கள். நோட்டீஸில் ஐந்து மணி என்றிருந்தது, ஐந்து மணிக்கே ஆரம்பித்தார்கள். ஒரு சால்வை கிடையாது. இப்படியல்லவா நடத்த வேண்டும் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். நானே நடத்துவது போல.

மூன்றாவது பாட்டுக்குள் அம்மாவுக்குத் தலை வலித்தது. குளிர். டிரம் அடி நெஞ்சுக்குள் விழுந்தது. முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று ஃபோனை உயர்த்திப் படம் பிடித்தார்கள். அம்மா அவர்களுடைய முதுகைத்தான் பார்த்தாள். தண்ணீர் வாங்கப் போனேன். ஒரு பாட்டிலுக்கு இருபது நிமிஷ வரிசை. திரும்பி வந்தால் இரண்டு இருக்கையும் காலி. குறுக்கே அப்பாவின் துண்டு.

ஃபோன் அடித்தது. அப்பா.

"கண்ணு, இங்க வெளிய ஒண்ணுமே கேக்கலையே. பாட்ட நிறுத்திட்டாங்களா?"

"எங்கப்பா இருக்கீங்க?"

"கேட்டுக்கு வெளிய. சுவத்தோரமா நின்னு பாத்தோம். சத்தமே வரல. என்ன சுவரு கட்டியிருக்கறானுங்களோ."

ஓடினேன். ஓடிய வேகத்தில் நானும் கதவைத் தாண்டி வெளியே போனேன். அப்போதுதான் ஆறாவது நிபந்தனை ஞாபகம் வந்தது.

காவலாளிக்குக் கன்னடமும் தெரியவில்லை, தமிழும் தெரியவில்லை. அப்பா இரண்டிலும் மாற்றி மாற்றி, உள்ளே என் துண்டு இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மைசூரில் அது போதும். நான் மூன்று டிக்கெட்டையும் கைப்பட்டையையும் காட்டினேன். கறுப்புச் சட்டை போட்ட மேலாளர் வந்து ஆங்கிலத்தில், மன்னிக்கவும், விதி விதிதான் என்றார். நானும் ஆங்கிலத்தில் அரை மணி நேரம் வாதாடினேன். படித்த படிப்பெல்லாம் அந்த வாசலில் வீணாகப் போனது. வேண்டுமானால் புது டிக்கெட் எடுக்கலாம், முன்வரிசை மட்டும்தான் இருக்கிறது, மூவாயிரத்து ஐந்நூறு என்றார்.

அப்பா என் தோளைத் தொட்டார். "உடு சாமி. நம்மூர்லயே கேட்டுக்கலாம்."

"நம்மூர்ல கன்னடத்துல பாடுவாங்கப்பா."

"மெட்டு ஒண்ணுதான?"

அம்மா மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்: "ஒரு சீட்டு வாங்கு. நா மட்டும் போறன்."

வாங்கினேன். நம்பர் படிக்கத் தெரியாதே என்றேன். ஆளைக் கேட்டுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, புதுப் பட்டையை ஒட்டிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். அவள் தனியாக ஒரு இடத்துக்குப் போய் நான் பார்த்ததில்லை.

நானும் அப்பாவும் படியில் உட்கார்ந்தோம். ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் ஊரில் பந்தலில் பாடினால் பஸ்ஸுக்கு நிற்பவன், மாத்திரை வாங்க வந்தவன், மாடியில் துணி எடுப்பவள் எல்லாருக்கும் பங்கு உண்டு. அந்தப் பாட்டைக் கெடுப்பதிலும் எல்லாருக்கும் பங்கு உண்டு. இங்கே ஒருத்தரும் கெடுக்கவில்லை, ஒரு சொட்டும் வெளியே சிந்தவும் இல்லை. இரண்டு ஊர்மேலும் எனக்குக் கோபம் வந்தது. எதன்மேல் அதிகம் என்று சொல்லத் தெரியவில்லை. அப்பா சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே பஞ்சு வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்றார்.

ஏழரை மணிக்குக் கூட்டம் வெளியே வந்தது. அம்மா கடைசியில் வந்தாள். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"பாடினாங்களாம்மா?"

"பாடினாங்க. முதல் வரி."

"அப்பறம்?"

"அப்பறம் மைக்க எங்க பக்கம் நீட்டிட்டாங்க. பாடுங்க பாடுங்கன்னு."

எனக்கு வாயில் வராத வார்த்தை வந்தது. இதைக் கேட்கவா இத்தனை பாடு என்றேன்.

"அப்ப யாரும்மா பாடினது?"

"நாங்கதான். நானுந்தான்." அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பக்கத்துல ஒரு பொண்ணு ஃபோனப் பாத்துப் பாத்துப் பாடுச்சு. எனக்கு முழுசும் தெரியுமில்ல. ரெண்டாஞ் சரணம் எங்க வரிசையில நா மட்டுந்தான். மேடையிலருந்து அவங்க கைய இப்புடிக் காட்டி, சபாஷ்னாங்க."

அம்மா பாடி நான் கேட்டதே இல்லை. அப்பாவும் கேட்டதில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. எங்கே, இப்போது ஒரு வரி பாடு என்றார். போங்க அக்கட்டால என்று அவரை விலக்கிவிட்டு அவள் ஆட்டோவைக் கைகாட்டினாள்.

மறுநாள் தங்கை செலவையெல்லாம் கூட்டச் சொன்னாள். டிக்கெட், முன்வரிசை, பஸ், ஆட்டோ, இருபது நிமிஷத் தண்ணீர் எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்து நானூறு ரூபாய். அம்மா கேட்டது ஒரு வரி, மீதி அவளே பாடியது.