தோட்டத்துக்கு வந்த கரிக்காரர்

வெல்டன்பரி பள்ளி விடுதியில் மியூரியல் டக்கெட் மேட்ரனாகச் சேர்ந்தபோது இரண்டாம் உலக யுத்தம் முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. பையன்களுக்குக் காய்ச்சல் பார்ப்பது, காலுறை தைக்கக் கொடுப்பது, வீட்டு நினைப்பில் அழுகிறவனுக்குச் சூடாகப் பால் கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. அதே ஊரில், கரிக்கிடங்குத் தெருவில் பிறந்தவள் என்பதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை, சொல்லவும் இல்லை. ஆசிரியர்களின் மனைவிமார் பேசுவதைக் கேட்டுக் கேட்டு, பேச்சை மட்டும் மெல்ல மாற்றிக்கொண்டாள்.

பள்ளி நானூறு வருடத்துக்கு முந்தியது. கம்பளி வியாபாரி ஒருவர் ஊரின் தகப்பனில்லாப் பிள்ளைகளுக்காகக் கட்டியது. காலப்போக்கில் வெளியூர்ப் பெரிய இடத்துப் பையன்கள் வந்தார்கள், கட்டணம் வந்தது, கடைசியில் சுற்றுச்சுவரும் வந்தது. ஊர்ப் பையன்கள் சுவருக்கு வெளியே நின்றுவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் அவர்களை 'ஊர் எலி' என்றார்கள். மியூரியலின் தம்பி பெர்சி பிறக்கும் முன்பே, முதல் உலக யுத்தத்தில், அப்பா பிரான்ஸில் குண்டடிபட்டுச் செத்துப்போனார். பன்னிரண்டு வயதில் பெர்சி கரிமூட்டை தூக்கப் போனான். இப்போது பள்ளிக்கூடத்துக்கும் அவன்தான் கரி கொண்டுவந்தான். பின்கட்டில் பார்த்தால், "என்னக்கா, உன் சீமான் வீட்டுப் புள்ளைங்க குளிர்ல உறைஞ்சிடலையே?" என்பான். அவள் சுற்றும் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பாள்.

அந்த ஜூன் மாதம் பரிசளிப்பு விழா. புல்வெளியில் கூடாரம், ஸ்ட்ராபெரியும் கிரீமும், அம்மாமார்களின் அகலத் தொப்பிகள். மியூரியல் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ரோஜாச் செடிகளுக்கு நடுவே பெர்சி வந்து நின்றான். முகமெல்லாம் கரி. ஓடி வந்திருந்ததால் மூச்சு வாங்கியது.

"அக்..." என்று தொடங்கினான்.

பக்கத்தில் நின்ற ஒரு மாணவனின் தாய், "யாரிது?" என்று புருவத்தை உயர்த்தினாள்.

"கரிக்காரர். வழி தெரியாம வந்துட்டார் போல," என்றாள் மியூரியல். சற்றும் தடுமாறாத, அழகான உச்சரிப்பு. பிறகு அவனைப் பார்த்து, "சமையற்கட்டு வாசல் அந்தப் பக்கம் இருக்குப்பா," என்றாள்.

பெர்சி ஒரு கணம் அவளைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். "மன்னிக்கணும் மேடம். தப்பான பக்கம் வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் தொடர்ந்து தேநீர் ஊற்றினாள். பரிசுகள் கொடுத்து, பாட்டுப் பாடி, கார்கள் எல்லாம் கிளம்பின பிறகுதான் சமையற்காரி கிளாடிஸ் கையைப் பிசைந்தபடி வந்தாள். "உங்க தம்பி சொல்லிட்டுப் போனாரும்மா. உங்கம்மா கொல்லையில வழுக்கி விழுந்து இடுப்பு உடைஞ்சிடுச்சாம், ஆஸ்பத்திரியில இருக்காங்களாம். விழா நடுவுல உங்களத் தொந்தரவு பண்ண வேணாம்னுட்டாரு."

ஆஸ்பத்திரியில் அம்மா வெளிறிப்போய்க் கிடந்தாள். மகளைக் கண்டதும், "விழா நல்லா நடந்துச்சாடி? உன்னை விட மாட்டேன்னுட்டாங்களாமே, பெர்சி சொன்னான்," என்றாள். மியூரியல் குனிந்து அம்மாவின் போர்வையைச் சரிசெய்தாள்.

வெளியே ஆஸ்பத்திரி நடைக்கு வந்ததும் தம்பியின் கையைப் பிடித்தாள். "பெர்சி, நான்..."

"விடுக்கா. நீ சொன்னதுல என்ன பொய்? நான் கரிக்காரன்தானே?"

அவன் கோபித்துக் கத்தியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவன் கத்தவில்லை.

மறுநாள் விடுதித் தலைவரின் மனைவி திருமதி ஹெஸ்கத் அவளைக் கூப்பிட்டாள். "அந்த ஆளை எவ்வளவு நயமா அனுப்பினீங்க! எல்லாரும் உங்களைப் பத்திதான் பேசுறாங்க."

"அது என் தம்பி," என்றாள் மியூரியல்.

திருமதி ஹெஸ்கத்தின் முகம் சிவந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, அன்போடு தோளைத் தொட்டாள். "கவலைப்படாதீங்க. என் வாயிலிருந்து வெளிய போகாது."

அந்த அன்பைத்தான் மியூரியலால் தாங்க முடியவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை; முகம் மட்டும் தீயில் காட்டியது போல எரிந்தது.

அம்மா அந்த இலையுதிர் காலத்தில் போய்ச் சேர்ந்தாள். பள்ளியிலிருந்து பெரிய மலர்வளையம் வந்தது. பெர்சி அதை அம்மாவின் தலைமாட்டிலேயே வைத்தான். கல்லறைத் தோட்டத்தில் கூடியிருந்த கரிக்கிடங்குத் தெருக்காரர்கள் மியூரியலுக்கு மரியாதையாக விலகி வழிவிட்டார்கள்.

குளிர் தொடங்கிய ஒரு காலையில், பையன்கள் முற்றத்தில் வரிசையாக நின்றிருக்கையில், பெர்சி மூட்டையோடு வந்தான். மியூரியல் படியிறங்கி நேரே அவனிடம் போனாள். எல்லாருக்கும் கேட்கும்படி, "தம்பி, உள்ள வா, என் அறையில ஒரு டீ குடிச்சிட்டுப் போ," என்றாள். பையன்களில் எவனோ களுக்கென்று சிரித்தான்.

பெர்சி மூட்டையை இறக்கவில்லை. "நிறைய வீடு பாக்கி இருக்கு மேடம்," என்றான். கேலியில்லை, கசப்பும் இல்லை. அந்த முற்றத்தில் அவளை அப்படிக் கூப்பிடுவது அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

ஓய்வு பெறும்வரை மியூரியல் அங்கேதான் வேலை பார்த்தாள். வேலையை விட்டுவிடப் பலமுறை நினைத்தாள். ஆனால் அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. அதை நினைத்தும் வெட்கப்பட்டாள்.