முழு சீஸ் கட்டி

அரியலூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி மூன்று கடைகளில் கேட்டுவிட்டேன். சீஸ் இல்லை. நான்காவது கடையின் ஃபிரிட்ஜில், பால் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் ஒரே ஒரு கட்டி இருக்கிறது. கண்ணாடிக் கதவெல்லாம் சிமென்ட் லாரிகளின் தூசி.

"பிள்ளைங்களுக்காங்க?" என்கிறார் கடைக்கார அம்மா.

"உடையார்பாளையத்துல எங்க அண்ணன் படுத்துட்டாருங்க. ஃபிரான்ஸ்ல இருந்தவரு. கஞ்சிகூட எறங்கல, சீஸ்தான் கேக்குறாரு."

கட்டியைக் கையில் எடுத்த அம்மா கொடுக்காமல் நிற்கிறார்.

"பாதியா வெட்டித் தரட்டுங்களா? எங்க வூட்டுக்காரரும் கடைசில ஐஸ்கிரீம் கேட்டாரு. பெரிய டப்பாவா எடுத்துட்டுப் போனேன். ரெண்டு வாய்தான். அப்பறம் மிச்ச டப்பாவப் பாக்கவே முடியலங்க."

கத்தியைத் தேடித் திரும்புகிறார்.

"வெட்டாதீங்க, முழுசாவே குடுங்க" என்கிறேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டேன்.