லாம்பு பூட்டிய சைக்கிள்

சைக்கிள் சக்கரத்திலிருந்து ‘உஸ்’ என்று காற்றிறங்கும் சத்தம்தான் எங்கள் ஊர்ப் பொலிசைப் பற்றிய என் முதல் ஞாபகம். எழுபதுகளின் கடைசியில், கல்முனையை அடுத்த எங்கள் ஊரில் பொலிசும் சைக்கிளில்தான் வந்தது. வெள்ளைக்காரன் காலத்து ஓட்டுக் கட்டடம், குண்டாந்தடி, மரியாதைக்கு எல்லாரும் ‘ராளாமி’ என்று கூப்பிடும் நாலைந்து பேர், இவ்வளவுதான் நாங்கள் கண்ட அரசாங்கம். காணிச் சண்டையும் புருஷன் பெண்சாதி சண்டையும் பள்ளிவாசல் மரைக்காயர்மாரிடம் போய்விடும். பொலிசுக்கு மிஞ்சியது கோழிக் களவும், பொழுதுபட்டு மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு ‘லாம்பு’ இல்லாமல் சைக்கிள் ஓடுகிறவர்களும்தான். பிடிபட்டவனின் சக்கரத்தில் காற்றைத் திறந்துவிட்டு, வீடுவரை உருட்டிக்கொண்டு போகச் சொல்வதே பெரிய தண்டனை.

எனக்கு மூத்தவனான காக்கா அதில் பேர்போனவன். நாவிதன்வெளியில் வாப்பாவின் வயலைப் பார்த்துவிட்டு இருட்டில் வருவான். லாம்பு பூட்டச் சொன்னால் சிரிப்பான். ஒருநாள் வாய்காட்டியதில் சைக்கிளோடு அவனையும் ஸ்டேசனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். வாப்பா பயந்த மனுசன். உம்மாதான் முக்காட்டை இழுத்துவிட்டு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு போனார். அங்கிருந்த வயதான சார்ஜன், காரைதீவுத் தமிழர், எங்களை மர வாங்கில் இருத்திவிட்டு காக்காவை வெளியே கூப்பிட்டார்.

“லாம்பொண்டு வாங்கிக் குடுங்க புள்ள. இப்பிடி ஓடினா லொறியில அடிபட்டுப் போவான்,” என்றார்.

அடுத்த கிழமையே டைனமோவும் லாம்பும் வாங்கி, காக்கா முணுமுணுக்க முணுமுணுக்க உம்மா பூட்டவைத்தார்.

எண்பதுகளில் அந்த ஸ்டேசனுக்கு மண்மூட்டை வந்தது, முள்ளுக்கம்பி வந்தது, துவக்கு வந்தது. சார்ஜன் பென்சனில் போக, சைக்கிள்களின் இடத்தில் ஜீப்புகள் நின்றன. ஊருக்குள் யாரும் ‘ராளாமி’ என்று கூப்பிடவில்லை, கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறவர்களும் அங்கே இருக்கவில்லை.

அப்படியொரு காலத்தில் ஒரு மாலை, வயலிலிருந்து புறப்பட்ட காக்கா வீடு வந்து சேரவில்லை. வாய்க்கால் கட்டோரம் கிடந்ததென்று அவனுடைய சைக்கிளை ஒருவர் கொண்டுவந்து தந்தார். ஜீப்பில் ஏற்றியதைக் கண்டதாகச் சொன்னார்; யாருடைய ஜீப் என்று சொல்ல அவருக்கு வாய் எழவில்லை. விடிந்ததும் உம்மா சைக்கிளை உருட்டிக்கொண்டு ஸ்டேசனுக்கு நடந்தார். வயதுக்கு வந்து குமராகிவிட்டிருந்த நானும் பின்னால் போனேன்.

வாசலில் துவக்கோடு நின்ற பொடியனுக்குத் தமிழ் தெரியாது. ஒருவனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போக உம்மா அறிந்த குற்றமோ ஒன்றே ஒன்றுதான். சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, டைனமோவைப் பின்சக்கரத்தோடு சேர்த்து, பெடலைக் கையால் சுற்றினார். பட்டப்பகலில் லாம்பு மங்கலாகப் பற்றியது.

“லாம்பு இரிக்கி மகன். பாருங்க, பத்துது. என்ட புள்ளய விடுங்க.”

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். உள்ளேயிருந்து வந்த இன்னொருவர், அப்படி ஒருவரையும் இங்கே கொண்டுவரவில்லை என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனார். உம்மா சுற்றுவதை நிறுத்தவில்லை. நான்தான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

காக்கா வரவேயில்லை. இப்போது அந்த ஓட்டுக் கட்டடமும் இல்லை. மதிலுக்குப் பின்னால் மாடிக் கட்டடம் நிற்கிறது, உள்ளே போய் வாங்கில் இருந்து கதைக்க யாருக்கும் துணிவில்லை. உம்மா இருந்தவரை காக்காவின் பேரில் கத்தம் ஓத விடவில்லை. அது உயிர்போய் மௌத்தானவர்களுக்குத்தான் என்பார். சென்ற மாதம் உம்மாவின் நாற்பதாம் நாள் கத்தத்தில், குடும்பத்தில் மௌத்தான மற்றவர்களின் பெயர்களையும் சொல்லும்படி ஓத வந்த லெப்பை கேட்டார். கதவுக்குப் பின்னால் நின்று வாப்பாவின் பெயரைச் சொன்னேன்.

“வேற ஆரும் இரிக்கா?” என்று கேட்டார்.

வேறு யாரும் இல்லை என்றேன்.