ஆற்றங்கரையில் நான் நிறுத்திய காவலன்

என் தம்பியின் மகன் எங்கள் குடும்ப வரலாற்றைத் தொகுத்து வருகின்றான். அவன் எழுதிய படியில், “மலாயாவில் காணாமற்போன தம் தம்பியாருக்குப் பாட்டனார், சோதிடர் ஒருவரின் சொற்கேட்டுக் கீரிமலையில் அந்தியேட்டி செய்வித்தார்” என்றொரு வரி உள்ளது. அவ்வரி பிழையானது. சோதிடர் எவரும் எங்கள் வீட்டுப் படியேறியதில்லை. அந்தச் சாவுக்கிரியைக்குக் காரணமானவள் ஒன்பது வயதுச் சிறுமியாகிய நான். இதனை அறிந்திருந்த மூவரும் மறைந்துவிட்டனர். என் தம்பியோ அந்நாளில் தொட்டிலிற் கிடந்தவன். ஆகவே நானே எழுதி வைத்தல் கடன்.

சென்ற விடுமுறையில் அவன் தன் மகளுடன் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தபோது, இதனைச் சொல்ல வாய்ப்பொன்று வந்தது, தவறவிட்டேன். தந்தையும் மகளும் என் உணவு மேசையில் விரலளவுப் படைவீரர்களைப் பரப்பி, போர் விளையாட்டுக்கு எப்படையைத் தீய படையாகக் கொள்வதென்று இரண்டு நாள் வாதிட்டனர். எலும்புருக்களா, கொம்புடைய பூதங்களா என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை. “மாமி, கெட்ட ஆக்கள் ஆரெண்டு நீங்களே சொல்லுங்கோ,” என்றான் அவன். அடுப்பில் ஏதோ இருப்பதாகக் கூறி எழுந்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

என் தந்தையார் மலாயாவில் ஒரு சிறு புகையிரத நிலையத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். அவருடைய தம்பியாரும் அங்கேயே வேலை பார்த்தார். யப்பானியப் படை அந்நாட்டைக் கைப்பற்றியிருந்த காலத்தில், ஒரு விடியற்காலையிற் படையினர் நிலையத்தையும் குடியிருப்பையும் வளைத்து, சீயம் எனப்பட்ட தாய்லாந்துக்கு இருப்புப்பாதை போடுவதற்கு ஆட்களைப் பிடித்தனர். தந்தையார் தம் தம்பியைப் பின்கதவால் வெளியேற்றி, ஆற்றுப் பக்கமாக ஓடும்படி சொன்னார். அதன்பின் அவரைக் கண்டவர் இல்லை. பிடிபட்டுப்போய் மீண்டவர்களும் அவரைக் காணவில்லை என்றனர். தப்பியவர்களும் காணவில்லை என்றனர். போர் முடிந்து தந்தையார் தனியராய் ஊர் திரும்பினார்.

பருத்தித்துறைக்கு அண்மையிலிருந்த எங்கள் வீட்டிற் சிற்றப்பனாரின் மனைவி காத்திருந்தார். மணமாகி ஏழாம் மாதத்திற் கணவரைக் கப்பலேற்றி அனுப்பியவர். நாங்கள் அவரைச் சின்னம்மா என்றழைத்தோம். நான் அறிந்த நாள் முதல் அவர் நெற்றியிற் குங்குமமும் கழுத்தில் தாலியும் இருந்தன. காணாமற்போய்ப் பன்னிரண்டாண்டு கடந்தவரை இறந்தவராகக் கொண்டு கிரியை செய்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அப்போது பதின்மூன்றாம் ஆண்டு நடந்துகொண்டிருந்தது. கிரியை செய்தால் சின்னம்மா அன்றே கைம்பெண். செய்யாவிட்டால், போன உயிர் அலையும் என்றனர் உறவினர். தந்தையார் கிரியைக்கு நாள் குறிக்காமலே தள்ளிவந்தார். அன்று ஆற்றுப் பக்கம் காவல் இருந்ததா இல்லையா என்னும் ஒன்றே அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. இல்லையென்றால் தம்பி எங்கோ உயிருடன் இருக்கின்றார். இருந்ததென்றால், அவரைச் சாவின் கைக்கு அனுப்பிவைத்தவர் இவரே.

இவற்றையெல்லாம் நான் பின்னாளில் அறிந்தேன். ஒன்பது வயதில் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது, சித்தப்பா மலாயாவில் இருக்கின்றார் என்பது மட்டுமே.

அவ்வாண்டு ஐப்பசி மழை தொடங்கியதும் தந்தையார் முள்முருக்கந் தடியைச் சீவிச் சிறு மனிதர்களைச் செய்யலானார். முன்னறை மேசையில் சுண்ணக்கட்டியால் இருப்புப்பாதை வரைந்தார். தீப்பெட்டிகள் நிலையமும் குடியிருப்புமாயின. வேப்பங்குச்சிகளை நாட்டி இறப்பர்த் தோட்டம் ஆக்கினார். தோட்டத்துக்கு அப்பால், மேசையின் மூலையில், நீல நூலொன்றை வளைத்து வைத்தார். அது ஆறு.

“பிள்ளை, மேசையிலை ஒரு சண்டை விளையாடுவம்,” என்றார். “எங்கடை ஆக்கள் என்ரை பக்கம். எதிரிப் படை உன்ரை. எதிரி ஆரெண்டு நீதான் சொல்லவேணும்.”

நான் முதலில் இராவணன் படையைக் கேட்டேன்.

“உவன் எங்கடை தீவை ஆண்ட ராசாவெல்லோ. உவனைக் கெட்டவனாக்கிப்போட்டு நாங்கள் ஊரிலை இருக்கிறேல்லையோ?” என்றார் தந்தையார்.

சூரன் படையைக் கேட்டேன். இம்முறை விடை அடுக்களையிலிருந்து வந்தது. “கந்தசட்டி வருகுது. சூரனோடை சேட்டை விடாதை,” என்றார் அம்மா. “பொம்பிளைப் பிள்ளைக்கு என்னத்துக்குப் படையும் சண்டையும்? உங்கை தேங்காய் துருவக் கிடக்கு.”

பறங்கியர் படையைக் கேட்டபோது, அவர்களுடைய சட்டைக்குத் துணி வாங்கியே சம்பளம் முடிந்துபோகும் என்றார் தந்தையார். இவ்வாறு மூன்று நாள் கழிந்தது.

நான்காம் நாள், அவர் மலாயாவிலிருந்து கொணர்ந்த புகையிரத நேர அட்டவணைப் புத்தகமொன்றைப் புரட்டியபோது, மடித்த தாளொன்று விழுந்தது. அதிலே பென்சிலாற் படைவீரர் சிலர் வரையப்பட்டிருந்தனர். பிடரியை மறைத்துத் துணி தொங்கும் தொப்பி; முழங்கால் வரை சுற்றிய பட்டி; பொத்தான்கள், துவக்கின் வார், சப்பாத்தின் ஆணிகள் யாவும் எண்ணக்கூடியவாறு தெளிவாக இருந்தன. முகம் இருக்கவேண்டிய இடம் மட்டும் வெறுந்தாளாய் இருந்தது. அழித்த தடமும் இல்லை. ஒருவருக்கேனும் கண் இல்லை.

“இவையை எனக்குச் செய்து தாங்கோ, ஐயா. இவைதான் கெட்ட ஆக்கள்.”

தந்தையார் தாளை வாங்கி மேசையில் விரித்தார்.

“ஏன் ஐயா முகம் கீறேல்லை?”

“தெரியாது, பிள்ளை. அவைக்கு முன்னாலை குனிஞ்சுதான் நிக்கவேணும். நிமிர்ந்து பார்க்கேலாது.”

பன்னிருவரைச் செய்து தந்தார். சீவிய முகப்புறத்தை மணற்றாளால் தேய்த்து வழவழப்பாக்கினார். தொப்பிகளின் பிடரித் துணியைத் தைக்கும் வேலை சின்னம்மாவுக்கு வந்தது. “இவையள் ஆர், அத்தான்?” என்று கேட்டார் அவர். “எதிரிப் படை,” என்றார் தந்தையார். சின்னம்மா ஊசியில் நூல் கோத்தார். பன்னிரண்டையும் ஒரே இருப்பில் இருந்து தைத்து முடித்தார். ஒவ்வொன்றையும் தைத்தபின் மடியிற் கவிழ்த்து வைத்தமை இப்போதும் என் கண்ணில் நிற்கின்றது.

ஆட்டத்தின் விதி எளியது. தந்தையாரிடம் ஐந்து பேர். எவரிடமும் ஆயுதம் இல்லை. “அவைக்கு ஓடத்தான் தெரியும்,” என்றார். ஓர் ஈர்க்கில் வெட்டிய அடையாளமே அடிக்கோல். ஒரு முறைக்கு அவ்வளவு தூரமே ஓடலாம். ஐவருள் ஒருவனின் இடையிற் சிவப்பு நூல் கட்டியிருந்தது. அவன் நீல நூலைக் கடந்தால் வெற்றி தந்தையாருக்கு. என் வீரன் அவனைத் தொட்டுவிட்டால் வெற்றி எனக்கு. படையை முதலில் நிறுத்துபவள் நான். அப்போது அவர் மேசையைப் பார்க்கமாட்டார்.

அவர் விறாந்தையில் மழையைப் பார்த்தபடி நிற்க, பதினொருவரை நிலையத்தைச் சுற்றி நிறுத்தினேன். எஞ்சிய ஒருவனை ஆற்றங்கரையில் நிறுத்தி அவரை அழைத்தேன். அவர் உள்ளே வந்து கைவிளக்கை உயர்த்தி மேசை முழுவதையும் பார்த்தார், மூலையைப் பார்த்தார். “நாளைக்குத் தொடங்குவம்,” என்றார்.

மறுநாட் காலை ஆற்றங்கரையிற் காவலன் இல்லை. மேசையின் மறுகோடியில், சுவரைப் பார்த்தபடி நின்றான். நான் அவனைத் திரும்பக் கொணர்ந்து நிறுத்தினேன். மாலையில் தந்தையார் பார்த்துவிட்டு, மீண்டும் நாளைக்கு என்றார். அடுத்த காலையும் அவன் சுவரோரம் நின்றான். ஏனைய பதினொருவரும் வைத்த இடத்திலிருந்து இம்மியும் அசைந்திலர்.

மூன்றாம் நாள், அம்மா காணாமல் ஒரு பிடி அரிசிமா எடுத்து ஆற்றங்கரையெங்கும் தூவினேன். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். அவன் நின்ற இடத்திற் சிறு வட்டமாய் மா விலகியிருந்தது. அதைச் சுற்றி மா கலையாமல் இருந்தது. அடிச்சுவடு ஒன்றும் இல்லை. அவனோ சுவரோரம், கண்ணற்ற வழவழத்த முகத்துடன், எதையோ கேட்பவன்போல் நின்றான். அன்று பள்ளியில் எனக்குக் கணக்கு ஏறவில்லை. வாடைக்காற்றில் யன்னற் கதவு அடித்த போதெல்லாம், மரத்தாற் செய்த ஒன்று தரையில் நடக்கும் ஒலியாகவே கேட்டது.

தந்தையாரிடம் முறையிட்டேன். அவர் அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

“சிலவேளை அவனுக்கு அங்கை நிக்க விருப்பமில்லையாக்கும்.”

“விருப்பமில்லாட்டிலும் நிக்கத்தான் வேணும். நானெல்லோ தலைவி.”

அவர் சிரிக்கவில்லை. அன்றும் ஆட்டம் தொடங்கவில்லை.

கடித உறை ஒட்டுவதற்குத் தந்தையார் ஒரு சிரட்டையில் விளாம்பிசின் வைத்திருந்தார். நான்காம் நாள் மாலை அதனை எடுத்துக் காவலனின் அடியில் தாராளமாகத் தடவி, ஆற்றங்கரையில் வைத்து அழுத்தினேன். விரலில் ஒட்டிய பிசினைப் பாவாடையில் துடைத்தமைக்கு அம்மாவிடம் ஏச்சு வாங்கினேன்.

மறுநாள் விடியலில், முன்னறையைக் கூட்டும் விளக்குமாற்றின் ஒலி இடையில் நின்றமையால் விழித்தேன். எழுந்து சென்று பார்த்தேன். அறையிற் பாதி கூட்டப்பட்டிருந்தது. விளக்குமாறு தரையிற் கிடந்தது. சின்னம்மா மேசை மூலையிற் குனிந்து, காவலனின் தலையை இரு விரல்களாற் பற்றி இழுத்துக்கொண்டிருந்தார். மேசை முழுவதும் அசைந்தது, அவன் அசையவில்லை. இத்தனை நாளும் அவனைத் தூக்கிச் சுவரோரம் வைத்தவர் அவரே என்று அப்போது கண்டுகொண்டேன். ஆனால், கூட்டித் துடைப்பதற்காகவே தூக்கினார் என்று எண்ணினேன்.

“பிசின் போட்டனியோ, பிள்ளை?”

“ஓம், சின்னம்மா. இவன் நிண்ட இடத்திலை நிக்கிறானில்லை.”

அவர் விரல்களை மெல்ல எடுத்தார். “இனி நிப்பான்,” என்றார். குனிந்து விளக்குமாற்றை எடுத்து, எஞ்சிய பாதி அறையையும் கூட்டி முடித்தார்.

அன்று மாலை தந்தையார் நாளைக்கு என்று சொல்லவில்லை. கதிரையை இழுத்து அமர்ந்தார். சின்னம்மா அடுக்களை நிலையிற் சாய்ந்து நின்றார். ஆட்டம் மூன்றே முறையில் முடிந்தது. தந்தையார் தம் ஆட்கள் நால்வரை எதிர்ப்புறமாக ஓடவிட்டார். நான் பதினொருவரை அவர்கள்பின் அனுப்பினேன். சிவப்பு நூல்காரன் வேப்பங்குச்சிகளுக்கிடையே தனியாக ஓடினான். மூன்றாம் முறை ஈர்க்கை வைத்து அளந்தபோது, நீல நூலுக்கும் அவனுக்கும் ஒரு விரற்கடை இருந்தது. என் காவலன் அதற்குள் நின்றான். அவனிடமிருந்து ஈர்க்கை நீட்டி, நுனியாற் சிவப்பு நூல்காரனைத் தொட்டேன். அவன் சரிந்து விழுந்தான்.

“பிடிச்சாச்சு.”

தந்தையார் விழுந்தவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் பிள்ளை அங்கை ஆளை விட்டனி? ஆர் சொல்லித் தந்தது?”

“ஒருத்தரும் இல்லை. ஓடுற ஆள் தண்ணிப் பக்கந்தானே ஓடும், ஐயா. அது ஆருக்கும் தெரியுமே.”

“ஓம்,” என்றார் அவர். “ஆருக்கும் தெரியும்.”

எழுந்து, அந்த மழையில், உடுத்த வேட்டியுடனேயே கிணற்றடிக்குச் சென்று தலையில் வாளி வாளியாக நீர் ஊற்றினார். மழையில் நனைபவர் எதற்குக் கிணற்று நீரும் வார்க்கின்றார் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அம்மா அதைக் கண்டதும், கொதித்துக்கொண்டிருந்த உலையை இறக்கி அடுப்பில் நீர் தெளித்தார். சாவுத் துடக்குள்ள வீட்டில் அடுப்பெரிவதில்லை என்பதை நான் அறியேன். இரவுச் சோறு இல்லாமற் போனமை, வெற்றிபெற்ற எனக்கு இழைக்கப்பட்ட அநீதியாகவே பட்டது.

சில நாட்களின் பின் வாடகைக் காரொன்று வந்தது. கீரிமலைக்குப் போகின்றோம் என்றார்கள். சிறுபிள்ளையை அங்கே கொண்டுபோக வேண்டாம் என்று அம்மா தடுத்தார். “வெண்டவள் அவள்தானே. வரட்டும்,” என்றார் தந்தையார். எனக்குரிய பரிசு தாமதமாக வந்ததென மகிழ்ந்து, என் நல்ல சட்டையை அணிந்துகொண்டேன்.

கடற்கரையோரம் குருக்கள் தருப்பைப் புல்லை முடிந்து ஒரு மனித உருச் செய்தார். கை இருந்தது, கால் இருந்தது. அதற்கும் முகம் இல்லை. இவருக்கும் இவ்விளையாட்டுத் தெரியும் போலும் என்று வியந்தேன்.

“இது எந்தப் பக்கத்து ஆள், ஐயா?”

“எங்கடை பக்கம்,” என்றார், தலை மழித்திருந்த தந்தையார்.

அதனைக் கிடத்தித் தீ வைத்தார். ஈரக் காற்றிற் புகை தாழ்ந்து எங்களைச் சுற்றிவிட்டுக் கடலுக்குச் சென்றது. கேணியில் நீராடியபின் எனக்கு ஒரு சுருள் வறுத்த கச்சான் கடலை வாங்கித் தந்தார். நான் கேட்காமலே வாங்கித் தந்த முதற் பொருள் அது.

வீடு மீண்டபோது சின்னம்மா உள்ளறையில் வெள்ளைச் சேலையுடன் அமர்ந்திருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. முகம் கழுவியிருக்கின்றார் என்றெண்ணினேன். என்னை அருகே அழைத்து இருத்தினார்.

“பிள்ளை, அவரைப் பிடிச்ச உடனை என்ன செய்தனி? அடிச்சனியோ?”

“இல்லை, சின்னம்மா. தொட்டனான்.”

“தொட்ட உடனை?”

“விழுந்திட்டார்.”

“நொந்திருக்குமோ?”

“இல்லை. நோகேல்லை. டக்கெண்டு விழுந்திட்டார்.”

அவர் என் தலையைத் தடவி, இன்னொருமுறை சொல்லச் சொன்னார். வீட்டில் என் வெற்றியைப் பற்றிக் கேட்டவர் அவர் ஒருவரே. ஆதலால், கச்சானைக் கொறித்தபடி, அவர் கேட்கக் கேட்க மூன்று முறை சொன்னேன். ஒவ்வொரு முறையும் ஈர்க்கு எப்படிப் பட்டதென்று விரலாற் செய்தும் காட்டினேன்.

ஏறத்தாழ எழுபது ஆண்டுக்கு முந்திய செய்தியாதலின் இதிற் பிழை இருத்தல் கூடும். நான் அறிந்த மலாயா, தந்தையார் மேசையில் வரைந்ததே. அந்நிலையத்தின் பெயரை அவர் ஒருபோதும் சொல்லவில்லை. சிறு நிலையம், பின்னே இறப்பர்த் தோட்டம், அதற்கப்பால் வளைந்தோடும் ஓர் ஆறு. அத்தகைய இடத்தில் அவ்விடியலில் இருந்தோரின் வழிவந்தவர் எவரேனும் இதனைப் படிக்க நேர்ந்து, ஆற்றங்கரையில் அன்று காவல் இருக்கவில்லை என்று தம் முன்னோர் சொல்லக் கேட்டிருந்தால், அருள்கூர்ந்து என்னைத் திருத்துக.