சத்தத்தைக் குறைக்கும் திருகு

மகளின் கல்யாண வரவேற்பில் கிடார் வாசிக்கிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். எங்கள் பிள்ளையார்பாளையமே வந்து உட்காரும் மண்டபத்தில் என் பழைய கிடார் கேட்காது. ஸ்பீக்கரில் இணைக்கக்கூடிய ஒன்றை வாங்க மனைவியோடு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் ஒன்றை ஸ்பீக்கரில் இணைத்துக் கொடுத்தார். முப்பது வருடமாகத் தறியில் பாவு இழைகளை இறுக்கிய கை சும்மா இருக்குமா? கம்பி தொய்வாகத் தெரிந்தது, முறுக்கினேன். அறுந்தது. ஸ்பீக்கர் வெடித்ததுபோல் அலறியது. நான் மேசைக்கு அடியில் இருந்தேன்.

"வெளிய வாங்க, கம்பிதான் அறுந்துபோச்சு. மேடையில எங்க பூந்துக்குவீங்க?" என்றாள் மனைவி.

எழுந்து கடைக்காரரிடம் கேட்டேன்.

"ஏம்பா, சத்தத்தைக் குறைக்கிற திருகு எதுல கைக்குக் கிட்டக்க இருக்குது?"

மரமும் பார்க்கவில்லை, நாதமும் பார்க்கவில்லை. கட்டைவிரலுக்கு எட்டும் திருகுள்ளதையே வாங்கினேன்.